தீவுக்குப் போன தமிழரும் திருப்பூருக்கு வந்தவரும்

நார்வே நாட்டின் வடகிழக்கு மூலையில், பேரண்ட்ஸ் கடலின் விளிம்பில் வார்டோ என்றொரு சிறு தீவு நகரம் இருக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் இஸ்தான்புல்லைவிடக் கிழக்கே கிடக்கிறது அந்த ஊர். நிலத்திலிருந்து அங்கே செல்பவர் கடலுக்கு அடியில் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளச் சுரங்கச் சாலையைக் கடக்க வேண்டும். 1982-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்தச் சாலைதான் நார்வேயின் முதல் கடலடிச் சுரங்கச் சாலை. கோடையில் இரண்டு மாதங்களுக்கு மேல் சூரியன் மறைவதில்லை; நவம்பர் இறுதி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை உதிப்பதில்லை. காற்றின் வேகத்தில் மரங்கள் நிலைப்பதே அரிது. சுருக்கமாகச் சொன்னால், யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த ஒருவர் தானாக விரும்பித் தேர்ந்தெடுக்கக்கூடிய ஊர் அன்று.

ஆனாலும் தமிழர்கள் அங்கே போனார்கள். 1980-களின் பிற்பகுதியில் வார்டோ, போட்ஸ்ஃபியோர்ட் போன்ற ஃபின்மார்க் மாநிலத்து மீன்பிடித் துறைமுகங்களில், ரப்பர் காலணியும் வெள்ளை மேலங்கியும் அணிந்து, குளிர்ந்த நீரில் கைவைத்துக் காட் மீனைத் துண்டுபோட்டவர்களில் கணிசமானோர் இலங்கைத் தமிழர்கள். இன்று அந்த ஊர்களைச் சுற்றிப் பார்க்கக் கடலோரக் கப்பலில் வந்திறங்கும் பயணிகளுக்கு இந்த வரலாறு பெரும்பாலும் தெரிவதில்லை. பறவைகளையும் பழைய கோட்டையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஆனால், பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வரும் தொழிலாளர்களை நம்பி இயங்கும் திருப்பூரில் அமர்ந்து யோசிப்பவர்களுக்கு அந்தத் தீவின் கதை தூரத்துக் கதையாகத் தோன்றாது.

நார்வேக்கும் தமிழ்க் கடலோரத்துக்கும் உள்ள தொடர்பு அகதிகளோடு தொடங்கியதன்று. 1952-இல் இந்தியாவும் நார்வேயும் ஐ.நா.வும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, அடுத்த ஆண்டே கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் இந்தோ-நார்வே மீன்வளத் திட்டம் தொடங்கியது. பிற்காலத்தில் அது நம் மண்டபம் வரை விரிந்தது. யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்த அந்தோனி இராஜேந்திரம் 1956-இல் நார்வே சென்று மீன்பிடித் தொழில் கற்றார். நார்வே நண்பர்களின் உதவியுடன் 1967-இல் அவர் உருவாக்கிய 'சீநோர்' நிறுவனம் காரைநகரில் படகு கட்டும் தளத்தையும் குருநகரில் வலைத் தொழிற்சாலையையும் நடத்தியது. அதாவது, நார்வேயின் பணமும் தொழில்நுட்பமும் ஒரு தமிழ்த் தீவுக்கு வந்த பிறகுதான் தமிழர்களின் உழைப்பு நார்வேயின் தீவுகளுக்குச் சென்றது. நார்வே என்ற பெயர் யாழ்ப்பாணத்து மீனவக் குடும்பங்களுக்கு முன்பே அறிமுகமாகியிருந்தது. அந்நாட்டின் மக்கள் உயர்நிலைப் பள்ளிகள் எனப்படும் உறைவிடக் கல்விக்கூடங்களில் இடம் பெற்று மாணவர்களாகச் சென்றவர்கள் முதலில் வழியமைத்தார்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் அந்த ஒற்றையடிப் பாதை பெருவழியானது.

நார்வே அப்போது கதவைத் திறந்துவைத்திருந்த நாடு அன்று. தொழிலாளர் குடியேற்றத்தை 1975-லேயே அது நிறுத்திவிட்டது. அகதியாக வருவோரை ஏற்றாலும் எங்கே வைப்பது என்ற கேள்வி இருந்தது. அதே வேளையில் வடக்கே வேறொரு சிக்கல் முற்றிக்கொண்டிருந்தது. மீன் பதப்படுத்தும் ஆலைகளில் கத்தி பிடிக்க உள்ளூர் இளைஞர்கள் முன்வரவில்லை. எண்ணெய் வளத்தால் செழித்த தெற்கு நகரங்கள் அவர்களை ஈர்த்துக்கொண்டன. படித்த பெண்கள் முதலில் போனார்கள். பின்னாலேயே ஆண்களும் போனார்கள். வேலை இருந்தது, வீடு இருந்தது, செய்வதற்கு ஆள் இல்லை. வேலை தேடி நின்ற தமிழருக்கு மொழி தெரியாதது அங்கே தடையாக இருக்கவில்லை. மீனை அறுக்கப் பேச்சுத் தேவையில்லை.

இந்த இடத்தில் திருப்பூர்க்காரர் ஒருவர் நிமிர்ந்து உட்காரக்கூடும். 'ஆள் கிடைக்கவில்லை' என்ற சொல்லை இந்த ஊர் முப்பது ஆண்டுகளாகக் கேட்டுவருகிறது. 'தையல் டெய்லர் தேவை, பேட்லாக் டெய்லர் தேவை, செக்கிங் பெண்கள் தேவை' என்று எழுதிய அட்டை தொங்காத பனியன் கம்பெனி வாசல் திருப்பூரில் அரிது. இங்கும் மொழி தெரியாதவருக்கு வேலை உண்டு. ஓவர்லாக் எந்திரத்தின் முன் அமர்ந்தவருக்குப் பேச்சுத் தேவையில்லை.

ஃபின்மார்க் தமிழருக்கு மூன்று விஷயங்கள் கிடைத்தன. முதலாவது கூலி. தொழிற்சங்கங்கள் வலுவாக உள்ள அந்நாட்டில், ஒரே மேசையில் நின்று மீன் அறுக்கும் நார்வேக்காரருக்கும் தமிழருக்கும் தனித்தனிக் கூலி விகிதம் வைக்க இயலாது. இரண்டாவது மொழி. புதிதாக வந்தவருக்கு நார்வே மொழி கற்றுக்கொடுப்பது உள்ளாட்சியின் வேலை என்ற எண்ணம் அங்கே வேரூன்றி, காலப்போக்கில் சட்டமாகவே ஆனது. மூன்றாவது, நம் ஊரில் வியப்பூட்டக்கூடியது. குடியுரிமை இல்லாத வெளிநாட்டவரும் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வசித்திருந்தால் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம் என்ற விதி 1983 முதல் அந்நாட்டில் நடைமுறையில் உள்ளது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பு வழியாக ஓடி, பாஸ்போர்ட்கூட ஒழுங்காக இல்லாமல் வந்து சேர்ந்த ஒருவர், மூன்றாண்டில் வார்டோ நகராட்சி உறுப்பினர் யார் என்பதைத் தீர்மானிப்பவரில் ஒருவராகிவிடுகிறார். இரண்டாயிரம், மூவாயிரம் பேர் வாழும் ஊரில் ஐம்பது வாக்குகள் சிறு எண்ணிக்கை அன்று.

இவ்வளவும் கிடைத்த பிறகும் அவர்களில் பெரும்பாலோர் அங்கே தங்கவில்லை. கடன் அடைந்ததும், தங்கையின் திருமணம் முடிந்ததும், தம்பியை வரவழைத்ததும் தெற்கே ஒஸ்லோவுக்கும் பெர்கனுக்கும் நகர்ந்தார்கள். காட் மீன் வளம் குறைந்து 1990-ஐ ஒட்டிப் பிடிப்பளவு கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டபோது ஆலைகள் தடுமாறின. அது ஒரு காரணம். பிள்ளைகளின் மேற்படிப்பு, கோயில், தமிழ்ப் பள்ளி, உறவினர், திருமணச் சம்பந்தம் எல்லாம் தலைநகரில் இருந்தது இன்னொரு காரணம். மானுடவியலாளர் ஓயிவிண்ட் ஃபுக்லெருட் 1999-இல் வெளியிட்ட நூல் நார்வே தமிழரின் அக்காலத்து வாழ்வை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. ஊர் அவர்களை விரட்டவில்லை. ஆனால், ஆலையின் ஷிப்ட் முடிந்த பிறகு அந்த ஊரில் அவர்களுக்கான வாழ்க்கை எதுவும் இல்லை. உழைப்புக்கு இடம் கொடுத்த ஊர், உழைப்பவரின் மாலைப் பொழுதுக்கு இடம் கொடுக்கத் தவறிவிட்டது என்றுதான் இதைப் புரிந்துகொள்ள முடிகிறது.

நார்வே அரசு சும்மா இருக்கவில்லை. 1990-லேயே ஃபின்மார்க்கையும் அதை ஒட்டிய வடக்கு துரோம்ஸ் பகுதியையும் சிறப்பு மண்டலமாக அறிவித்தது. அங்கே குடியிருந்து வேலை செய்பவரின் கல்விக்கடனில் ஆண்டுதோறும் ஒரு பகுதி தள்ளுபடி. வருமான வரி குறைவு. ஊழியருக்காக முதலாளி கட்டும் சமூகப் பாதுகாப்பு வரி அறவே இல்லை. ஆலைக்கு மானியம் கொடுப்பதோடு நில்லாமல், வந்து வாழும் மனிதருக்குச் சலுகை கொடுத்தது என்பதே இத்திட்டத்தில் கவனிக்கத்தக்கது. இருந்தும் வார்டோவின் மக்கள்தொகை சரிந்து இன்று இரண்டாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. 2004-க்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த போலந்து, லிதுவேனியா நாடுகளின் தொழிலாளர்கள் தமிழர் நின்ற இடத்தில் நிற்கிறார்கள். நார்வேக் கடலில் பிடித்த மீனில் ஒரு பகுதி உறையவைக்கப்பட்டுச் சீனாவுக்குச் சென்று, அங்கே அறுக்கப்பட்டு, மறுபடி ஐரோப்பியச் சந்தைக்கு வருகிறது. ஆள் வராவிட்டால் வேலை ஆளைத் தேடிப் போய்விடும் என்பதற்கு இதைவிடத் துலக்கமான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம்.

திருப்பூர் எப்போதுமே வந்தேறிகளின் ஊர்தான். இந்தச் சொல்லை இகழ்ச்சியாகச் சொல்லவில்லை. 1930-களில் பின்னலாடை எந்திரங்கள் இங்கு ஓடத் தொடங்கின. சுற்றுவட்டாரக் கிராமத்து வேளாண் குடும்பங்கள் கிணறு வற்றிய நிலத்தை விட்டு நகருக்குள் வந்து பனியன் தொழிலில் இறங்கின. ஏற்றுமதி பெருகிய பிறகு திண்டுக்கல், மதுரை, தேனி மாவட்டத்தாரும் காவிரிப் பாசனப் பகுதியினரும் வந்தனர். 'தெக்கத்தி ஆட்கள்' என்று உள்ளூரில் அவர்களையும் ஒரு காலத்தில் தள்ளிவைத்துத்தான் பேசினார்கள். இன்று அவர்களின் பிள்ளைகள் திருப்பூர்க்காரர்கள். இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பின்னர், அதிலும் குறிப்பாகக் கடந்த பதினைந்து ஆண்டுகளில், பிகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் மாநிலத்தவர் அந்த வரிசையில் சேர்ந்தார்கள். ஏறத்தாழ ஆறு லட்சம் பேருக்கு வேலை தரும் இந்தத் தொழிலில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் வெளிமாநிலத்தவர் என்று தொழில்துறையினர் கூறுகின்றனர். ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய் ஏற்றுமதி என்று பெருமையுடன் சொல்லப்படும் தொகையில் அவர்களின் பங்கு எவ்வளவு என்பதை ஹோலிப் பண்டிகைக்குப் பிந்தைய வாரத்தில் எந்தக் கம்பெனி மேலாளரைக் கேட்டாலும் சொல்லுவார்.

அந்த இரண்டு லட்சம் பேரை இந்த ஊர் எப்போது கவனிக்கிறது? அவர்கள் கிளம்பிப் போகும்போது. 2020 மே மாதத்தில் சிறப்பு ரயில்களுக்காக அவர்கள் திரண்டபோது முதல் முறையாக நகரம் அவர்களின் எண்ணிக்கையைக் கண்ணால் பார்த்தது. 2023 ஜனவரியில் ஒரு கைகலப்பின் காணொலி பரவி, வடமாநிலத்தார் தமிழரை விரட்டுகிறார்கள் என்ற கொதிப்பு எழுந்தது. இரண்டே மாதத்தில், மார்ச் தொடக்கத்தில், தமிழகத்தில் பிகாரிகள் தாக்கப்படுகிறார்கள் என்று வேறெங்கோ எடுத்த காணொலிகளை இணைத்து எதிர்த்திசையில் வதந்தி பரவியது. பிகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பியது; அவர்கள் திருப்பூருக்கும் வந்தனர். மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் இந்தியில் அறிவிப்பு வெளியிட்டு, உதவி எண் கொடுத்து, வதந்தி பரப்பியோர் மீது வழக்குத் தொடுத்தன. நிர்வாகம் விரைந்து செயல்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், பத்தாண்டுகளாக ஒரே தெருவில் வாழ்ந்தவர்களிடையே ஒரு கைப்பேசிக் காணொலி அவ்வளவு பெரிய பீதியை எப்படிக் கிளப்ப முடிந்தது என்ற கேள்வியை யாரும் நின்று கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரிந்தவருக்கு வதந்தியைச் சரிபார்க்க உதவி எண் தேவைப்படாது.

(வார்டோவில் ஒரு நினைவிடம் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் சூனியக்காரர்கள் என்று குற்றம் சாட்டப்பட்டுக் கொல்லப்பட்ட 91 பேருக்காக 2011-இல் எழுப்பப்பட்டது. ஒவ்வொருவருக்கும் ஒரு விளக்கு, ஒரு சாளரம். சின்னஞ்சிறு தீவில், எல்லோரும் எல்லோரையும் அறிந்த இடத்திலேயே வதந்தி அவ்வளவு தூரம் போயிருக்கிறது. எனவே மேலே நான் சொன்னதை முழு உண்மையாகக் கொள்ள வேண்டாம். பெயர் தெரிவது மட்டும் போதாதுதான்.)

ஞாயிற்றுக்கிழமை மாலையில் திருப்பூர் ரயில் நிலையத்தை ஒட்டிய தெருக்களில் நடந்தால் நிலைமை விளங்கும். கைப்பேசிக் கடைகளிலும் துணிக்கடைகளிலும் இந்தியில் பலகைகள். லிட்டி, சமோசா விற்கும் தள்ளுவண்டிகள். கூட்டங்கூட்டமாக நிற்கும் இளைஞர்கள். அவர்கள் அங்கே நிற்பதற்கு முக்கியக் காரணம், நிற்க வேறு இடம் இல்லை என்பதே. வேலம்பாளையத்திலோ அனுப்பர்பாளையத்திலோ ஒரு லைன் வீட்டு அறையில் ஆறேழு பேர் முறைவைத்துப் படுக்கிறார்கள். ஷிப்ட் முடிந்தவர் வரும்போது அடுத்தவர் எழுந்து போகிறார். கழிவறை நான்கு வீட்டுக்கு ஒன்று. வாரத்தில் ஆறு நாள் ஒன்றரை ஷிப்ட் உழைத்தவருக்கு ஏழாவது நாளில் உட்கார ஒரு பூங்காவோ, படிக்க ஒரு செய்தித்தாளோ, ஆட ஒரு மைதானமோ இந்த நகரம் ஏற்பாடு செய்யவில்லை. உள்ளூர்த் தொழிலாளிக்கும் இவை போதுமான அளவில் இல்லை என்பது வேறு கதை. அதே கதையின் இன்னொரு பக்கம் என்றும் சொல்லலாம்.

காஞ்சிபுரத்தை அடுத்த வல்லம் வடகாலில் கைப்பேசித் தொழிற்சாலைப் பெண்களுக்காக 18,720 பேர் தங்கும் விடுதியைத் தமிழக அரசின் சிப்காட் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. ஒரு பெரிய வெளிநாட்டு நிறுவனத்துக்கு என்றால் அரசால் முடிகிறது. ஆயிரக்கணக்கான சிறிய, நடுத்தரக் கம்பெனிகளும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளும் சேர்ந்த திருப்பூருக்கு அந்த அளவில் எதுவும் எழவில்லை. சிறு முதலாளிகள் ஒவ்வொருவரும் தனித்தனியாக விடுதி கட்ட இயலாது என்பது உண்மைதான். அதனால்தான் இது அரசும் ஏற்றுமதியாளர் சங்கமும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலையாகிறது. 1990-இல் தொடங்கப்பட்ட அந்தச் சங்கம் சாலை, தண்ணீர், சாயக்கழிவுச் சுத்திகரிப்பு என்று அரசு செய்யத் தவறியவற்றைத் தானே முன்னின்று செய்த அனுபவம் உடையது. 2011-இல் சாய ஆலைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, தொழிலே போய்விடும் என்று அஞ்சிய ஊர், கழிவுநீரை முற்றிலும் மறுசுழற்சி செய்யும் முறைக்கு மாறிக் காட்டியது. நொய்யலுக்குச் செய்த கெடுதிக்கு அந்த ஒன்று ஈடாகாது என்றாலும், நெருக்கடி வந்தால் கூட்டாகச் செயல்படும் திறன் இங்கே இருக்கிறது என்பது தெரிகிறது. சாய நீருக்குச் செய்ததை மனிதருக்குச் செய்வதில் என்ன தடை?

வாக்குரிமைக்கு வருவோம். இது சூடான விஷயம் என்பது தெரிந்தே எழுதுகிறேன். 2025-இல் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் குறித்த விவாதம் எழுந்தபோது, வெளிமாநிலத் தொழிலாளர்கள் பெருமளவில் தமிழகப் பட்டியலில் சேர்க்கப்படுவார்கள் என்ற அச்சம் அரசியல் தலைவர்களாலேயே வெளிப்படுத்தப்பட்டது. அந்தத் திருத்தத்தின் முறையிலும் அவசரத்திலும் ஐயம் கொள்ளக் காரணங்கள் உண்டு. ஆனால், சட்டம் சொல்வது தெளிவானது. 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஒருவர் வழக்கமாக எங்கே வசிக்கிறாரோ அங்கேதான் வாக்காளர். பத்தாண்டுகள் அனுப்பர்பாளையத்தில் குடியிருந்து, பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்த்து, வீட்டு வாடகையும் ரேஷனும் இங்கேயே என்று ஆகிவிட்ட சமஸ்திபூர்க்காரர், அறுபது வார்டுகள் கொண்ட திருப்பூர் மாநகராட்சியில் தம் வார்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று நாம் சொன்னால், எந்த நியாயத்தில் சொல்கிறோம்? இந்தியக் குடிமகன் அல்லாத தமிழருக்கு நார்வே மூன்றாண்டில் கொடுத்த உரிமையை, இந்தியக் குடிமகனுக்குத் தமிழகம் பத்தாண்டிலும் தர அஞ்சுகிறது. குப்பை அள்ளப்படாத, சாக்கடை மூடப்படாத தெருக்களில் குடியிருப்பவர்களுக்கு வாக்கு இல்லாதவரை அந்தக் குப்பை அள்ளப்படப் போவதில்லை. அதே தெருவில் வாக்கு உள்ள தமிழரும்தான் குடியிருக்கிறார் என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

இந்த இடத்தில் இரண்டு மறுப்புகள் எழும். முதலாவது, நார்வேக்குப் போன தமிழர் அகதி. ஊர் திரும்ப வழியற்றவர். திருப்பூருக்கு வருபவர் திரும்பிப் போகும் எண்ணத்துடன் வருபவர். சாத் பூஜைக்கும் அறுவடைக்கும் ஊர் செல்பவர். அவருக்குத் தேவை எங்கு போனாலும் கூடவே வரும் ரேஷன் அட்டையும் மருத்துவ வசதியுமே தவிர, குடியேற்றம் அன்று என்பது அந்த வாதம். இதில் பாதி உண்மை இருக்கிறது. 2020 அக்டோபர் முதல் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழகம் சேர்ந்திருப்பது நல்லதே. ஆனால், ஃபின்மார்க்குக்குப் போன தமிழரும் 'இரண்டு வருடம் சம்பாதித்துக் கடனை அடைத்துவிட்டு' என்றுதான் போனார்கள். தற்காலிகம் என்ற எண்ணம் முதல் குழந்தை பள்ளிக்கூடத்தில் சேரும் நாளில் முடிந்துபோகிறது. திருப்பூர் அரசுப் பள்ளிகளில் தமிழ் வழியில் படிக்கும் பிகார், ஒடிசாக் குழந்தைகள் இன்று அபூர்வக் காட்சி அல்லர். அவர்களின் பெற்றோரை இனியும் போய்விடுவோர் என்று கணக்கில் வைப்பது நம் வசதிக்காகச் சொல்லிக்கொள்ளும் பொய்.

இரண்டாவது மறுப்பு மொழி குறித்தது. இந்தி பேசுவோர் பெருகினால் தமிழ் என்ன ஆகும் என்ற கவலையை ஏளனம் செய்ய நான் விரும்பவில்லை. மொழிக்காக உயிர் கொடுத்த வரலாறு உடைய மாநிலத்தில் அந்தக் கவலை இயல்பானது. ஐம்பது லட்சத்துச் சொச்சம் பேர் மட்டுமே பேசும் மொழியை வைத்துக்கொண்டு நார்வேயும் இதே கவலையை எதிர்கொண்டது. வந்தவருக்கு மொழி கற்றுக்கொடுப்பதை அரசின் கடமையாகவும், கற்பதை வந்தவரின் கடமையாகவும் ஆக்கியது அது. நாம் என்ன செய்கிறோம்? பாட்னாவிலிருந்து ரயிலேறி வரும் இருபத்திரண்டு வயது இளைஞருக்குத் தமிழ் சொல்லித்தர இந்த ஊரில் ஒரு மாலை வகுப்பு உண்டா? 'சீக்கிரம்', 'பீஸ்', 'போதும்', 'நாளைக்கு வா' என்று கம்பெனித் தளத்தில் காதில் விழுவதே அவருடைய தமிழ்ப் பாடப்புத்தகம். மேற்பார்வையாளர்தான் இந்தி கற்றுக்கொள்கிறார். வந்தவர் தமிழ் கற்காமல் இருப்பதற்கு அவருடைய பிடிவாதத்தைவிட நம் அலட்சியமே பெரிய காரணம். ஒஸ்லோவில் அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடம் போன்ற வார இறுதிப் பள்ளிகளில் தமிழ் படித்து, வார நாள்களில் நார்வே மொழியில் பாடம் படித்து வளர்ந்த ஒரு தலைமுறையை நாம் மேடைதோறும் புகழ்கிறோம். தமிழும் மைதிலியும் பேசும் ஒரு தலைமுறை திருப்பூரில் வளர்ந்தால் அதை அச்சுறுத்தல் என்கிறோம்.

பணத்தின் கணக்கையும் பார்த்துவிடலாம். அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு வரி விதித்தபோது, ஆர்டர்கள் நின்று, திருப்பூர் முதலில் வேறு சந்தைகளைத் தேடியது. அந்த ஆண்டு அக்டோபர் முதல் நாளில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் ஒன்று அப்போது பேசப்பட்டது. சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகிய நான்கு நாடுகளுடன் இந்தியா 2024 மார்ச் 10-இல் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தம் அது. சிறிய சந்தைகள்தாம், அமெரிக்காவின் இடத்தை நிரப்பப் போதாதவை. ஆனால், நார்வேயுடன் வணிகம் செய்வோர் அறிந்திருக்க வேண்டிய சட்டம் ஒன்று உண்டு. 2022 ஜூலை 1 முதல் அங்கே நடைமுறையில் உள்ள வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி, பெரிய நிறுவனங்கள் தங்கள் பொருள் உருவாகும் சங்கிலி முழுவதிலும் மனித உரிமையும் பணிச்சூழலும் எப்படி உள்ளன என்று ஆராய்ந்து ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட வேண்டும். அதைவிட முக்கியமானது, எந்த ஒரு சாதாரண மனிதரும் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி விவரம் கேட்கலாம். பொதுவாக மூன்று வாரங்களுக்குள் நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டும். வார்டோவில் ஒரு பள்ளி ஆசிரியை, தம் மகனுக்கு வாங்கிய டி-சட்டையைத் தைத்தவர் எப்படிப்பட்ட அறையில் தூங்குகிறார் என்று கேட்கும் உரிமை பெற்றிருக்கிறார். அந்தக் கேள்வி கடைசியில் வந்து நிற்கும் இடம் அனுப்பர்பாளையத்து லைன் வீடு.

கேள்வி வந்த பிறகு சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது திருப்பூருக்குத் தெரிந்த கலைதான். தணிக்கைக் குழு வரும் நாளில் தீயணைப்பான் துடைக்கப்படும். வெளிமாநிலத் தொழிலாளர் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று முன்னாளே சொல்லித்தரப்படும். பெரிய ஏற்றுமதி நிறுவனங்கள் பலவற்றில் நிலைமை உண்மையாகவே மேம்பட்டிருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். மேம்படாதது ஜாப் ஒர்க் யூனிட்டுகளிலும், ஒப்பந்தக்காரர் வழியாக வந்தோரின் நிலையிலும். வெளிமாநிலத் தொழிலாளருக்கென 1979-இல் இயற்றப்பட்ட தனிச் சட்டம், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பில் கரைந்துவிட்டது. பழைய சட்டம் நன்றாகச் செயல்பட்டதாக யாரும் சொல்ல மாட்டார்கள். புதியது தானாகவே வரும் தொழிலாளரையும் கணக்கில் எடுக்கிறது. ஆனால், மிகச்சிறு நிறுவனங்கள் அதன் எல்லைக்கு வெளியே நின்றுவிடும் ஆபத்து இருக்கிறது. திருப்பூரின் உழைப்பில் பெரும்பகுதி அந்தச் சிறு நிறுவனங்களின் கூரைக்குக் கீழேதான் நடக்கிறது.

முதலாளிகளின் தரப்பில் ஒரு நம்பிக்கை உண்டு: போனால் இன்னொருவர் வருவார். பிகார்க்காரர் போனால் ஒடிசாக்காரர், அவர் போனால் அசாம்காரர். நாற்பது ஆண்டுகளாக அப்படித்தான் நடந்தது. இனியும் நடக்குமா என்பது ஐயம். ஒடிசா, ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசம் முதலிய மாநிலங்கள் ஆயத்த ஆடைக்கெனத் தனிக் கொள்கை வகுத்து, தொழிலாளர் கூலியில் ஒரு பகுதியைத் தாங்களே தருவதாகச் சொல்லித் தொழிலை அழைக்கின்றன. தமிழகக் கம்பெனிகளும் அந்த அழைப்பைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. மீன் சீனாவுக்குப் போனதுபோல் தையலும் போகலாம். அப்போது திருப்பூரில் மிஞ்சுவது எது? துணி பின்னுவது, சாயமிடுவது, வடிவமைப்பது, வணிகம் பேசுவது என்று சிலவற்றைச் சொல்லலாம். அவை ஆறு லட்சம் பேருக்குச் சோறு போடாது.

புவியியலாளர் சரத் சாரி 2004-இல் வெளியிட்ட ஆய்வு நூல், திருப்பூரின் முதலாளிகளில் பெரும்பகுதியினர் ஒரு தலைமுறைக்கு முன் தொழிலாளர்களாக இருந்தவர்கள் என்பதை விளக்கியது. எந்திரத்தில் உட்கார்ந்தவர் இரண்டு எந்திரம் வாங்கி ஜாப் ஒர்க் எடுத்து, பத்து எந்திரமாக்கி, கம்பெனி வைத்தார். இந்த ஊரின் ஆற்றல் அந்த ஏணியில் இருந்தது. உறவும் சாதியும் நிலமும் கடன் கொடுத்த பங்காளியும் அந்த ஏணியின் படிகள் என்பதையும் அதே நூல் காட்டியது. அந்தப் படிகள் எதுவும் இல்லாத சாப்ராக்காரர் பதினைந்து ஆண்டுகள் பேட்லாக் எந்திரத்தில் உட்கார்ந்த பிறகு எங்கே ஏறுவார்? வங்கிக் கடனுக்குத் தேவையான முகவரிச் சான்றுகூட அவரிடம் பல நேரங்களில் இல்லை. ஏணி இல்லாத ஊரில் திறமைசாலிகள் தங்க மாட்டார்கள். வார்டோவை விட்டுப் போன தமிழரும் அங்கே மீன் அறுப்பவராகவே ஓய்வு பெற வேண்டும் என்ற நிலையைக் கண்டுதான் மூட்டை கட்டினார்கள்.

கம்சாஜினி குணரத்தினம் என்ற பெயரைத் தமிழ் நாளேடுகளின் வாசகர்கள் அறிவார்கள். யாழ்ப்பாணத்தில் 1988-இல் பிறந்து, மூன்று வயதில் பெற்றோருடன் நார்வே சென்றவர். அக்குடும்பம் முதலில் வாழ்ந்தது ஃபின்மார்க்கில், க்வாலோயா தீவில் அமைந்த ஹம்மர்ஃபெஸ்ட் நகரில், பிறகே ஒஸ்லோவில். 2015-இல் ஒஸ்லோவின் துணை மேயரானார். 2021-இல் நார்வே நாடாளுமன்ற உறுப்பினரானார். அவ்விரு செய்திகளையும் நாம் நம் வீட்டுச் செய்தியாகக் கொண்டாடினோம். அவருடைய வாழ்வில் வேறொரு தீவும் உண்டு. 2011 ஜூலை 22-இல், குடியேறியோரை வெறுத்த ஒருவன் உட்டோயா தீவில் தொழிலாளர் கட்சியின் இளைஞர் முகாமுக்குள் புகுந்து 69 பேரைக் கொன்றபோது, நீரில் குதித்து நீந்தித் தப்பியவர்களில் அவரும் ஒருவர். நார்வே சொர்க்கம் அன்று. வெறுப்பு அங்கேயும் உண்டு, துப்பாக்கியுடன் வந்திருக்கிறது. அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து ஒஸ்லோ அவரைத் துணை மேயராக்கியது.

திருப்பூர் மாநகராட்சிக்குக் கடைசியாக 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தலுக்கான வார்டு வாக்காளர் பட்டியல் தயாராகும்போது, வாடகை ஒப்பந்தம் எழுதித்தர லைன் வீட்டு உரிமையாளர்கள் மறுப்பார்கள்; முகவரிச் சான்று இல்லை என்று விண்ணப்பங்கள் திருப்பி அனுப்பப்படும். மாவட்ட நிர்வாகம் நினைத்தால் கம்பெனி அடையாள அட்டையையும் இஎஸ்ஐ அட்டையையும் துணைச் சான்றாக ஏற்று, ஞாயிற்றுக்கிழமைகளில் வேலம்பாளையத்திலும் அனுப்பர்பாளையத்திலும் முகாம் நடத்தலாம். அதே முகாமில் ஒரு மேசை மாலை நேரத் தமிழ் வகுப்புக்கும், ஒரு மேசை பள்ளிச் சேர்க்கைக்கும் போடலாம். ஆசிரியர்களுக்குப் பஞ்சமில்லை, ஓய்வு பெற்ற தமிழாசிரியர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வகுப்பறைகளும் மாலை ஐந்து மணிக்கு மேல் பூட்டித்தான் கிடக்கின்றன.